சக்தி: வாய்பாட்டில் கூடிய குழு

பிரிந்துபோன இசைக்குழுக்கள் மீண்டும் கூடுவது மேலை நாடுகளில் புதிய செய்தியன்று. இளமையில் ஸ்விங், ஸ்கா, ராக் என ஏதேனும் ஒன்றை வாசித்துப் பெயரெடுத்தவர்கள், நரை கண்டபின் ஒன்றுசேர்ந்து, தாம் அறிந்த எல்லா வகைகளையும் ஒரே பானையில் இட்டுக் கிண்டி, ஒரு தொகுப்பை வெளியிடுவார்கள். பழைய ரசிகர்கள் ஆவலோடு வாங்குவார்கள். பிறகு அதை யாரும் நினைப்பதில்லை. ‘சக்தி’ என்னும் குழு 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அதாவது நம் குற்றாலத்தில் சாரல் தொடங்கும் பருவத்தில், ‘திஸ் மொமென்ட்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. ‘இந்தக் கணம்’ என்பது அதன் பொருள். ஒலிப்பதிவுக் கூடத்துத் தொகுப்பு என்ற வகையில், 1977இல் வந்த ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ என்பதற்குப் பின் 46 ஆண்டுகள் கழித்து அக்குழு தந்த தொகுப்பு இதுவே. இதனையும் அந்தப் பானை வரிசையில் வைத்துவிடலாமா? வைக்க இயலாது என்பது நம் கருத்து. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இசை கேட்பது குறித்து நம் வீடுகளில் ஒரே மனநிலை நிலவுவதில்லை என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன். இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் ‘இஹ்யா’வில் இசை கேட்பதன் ஒழுக்கம் பற்றித் தனி நூற்பகுதியே ஒதுக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியை இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இத்தொகுப்பில் நாம் கவனிக்க வேண்டியது பெரும்பாலும் வாத்தியத்தைப் பற்றியதன்று, நாவைப் பற்றியது. நாவினால் எண்ணுவதைப் பற்றியது. அந்த வகையில் அரபு யாப்பும் தமிழ் யாப்பும் கற்றவர்களுக்கு இதில் பேசுவதற்கு உரிமை உண்டு.

முதலில் வரலாற்றைச் சுருங்கப் பார்ப்போம். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 1942இல் பிறந்த ஜான் மெக்லாக்லின், அமெரிக்கா சென்று ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸுடன் கிதார் வாசித்தவர். பின்னர் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற பேரொலிக் குழுவை நடத்தியவர். அவர் அங்கே வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தமிழிசை அறிஞர் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். அந்தப் பயிற்சியும், தபலா மேதை அல்லா ரக்காவின் மகனான ஜாகிர் உசேனின் நட்பும், வயலின் கலைஞர் எல். சங்கரின் தோழமையும் சேர்ந்து உருவானதே ‘சக்தி’. சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணரின் மகன். கடம் வாசிக்க டி. எச். விநாயகராம் வந்தார், முதல் இசைத்தட்டில் மிருதங்கம் வாசித்தவர் இராமநாதபுரம் வி. ராகவன். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்து லாங் ஐலந்தில் ஒரு கல்லூரியில் மக்கள் முன் வாசித்ததையே பதிவு செய்து 1976இல் தட்டாக வெளியிட்டார்கள். அதன்பின் இரண்டு தட்டுகள். பிறகு குழு கலைந்தது.

மின்கிதாரில் இடி முழக்கிக்கொண்டிருந்த ஒருவர், மின்சாரம் இல்லாத கிதாருடன் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தது அக்காலத்து அமெரிக்க ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் அவர் அந்தக் கிதாரை நம் இசைக்கென்றே மாற்றிச் செய்வித்திருந்தார். கமகம் இழுப்பதற்கு வசதியாக விரல் வைக்கும் பலகை குழிவாகச் செதுக்கப்பட்டது. கூடவே அதிரும் துணைத் தந்திகளும் பொருத்தப்பட்டன. விருந்துக்கு வந்தவர் வீட்டாரின் வழக்கப்படி காலணியைக் கழற்றி வைப்பது போன்ற அந்த மரியாதை, சக்தியின் முதல் மூன்று தட்டுகளிலும் கேட்கிறது.

1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் மெக்லாக்லினும் ஜாகிர் உசேனும் மீண்டும் கூடினர். விநாயகராமின் இடத்திற்கு அவர் மகன் செல்வகணேஷ் வந்தார். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார், பின்னர் பாடகர் சங்கர் மகாதேவன் சேர்ந்தார். அந்தக் காலத்துத் தட்டுகள் பெரிதும் மேடையில் பதிவானவை. 2014 செப்டம்பர் 19 அன்று ஸ்ரீநிவாஸ் 45 வயதில் காலமானார். மாண்டலினுக்கு மாற்றாக இன்னொரு மாண்டலினைத் தேடாமல், கணேஷ்–குமரேஷ் சகோதரர்களில் ஒருவரான கணேஷ் ராஜகோபாலனின் வயலினோடு குழு மறுபடி தழைத்தது. ‘திஸ் மொமென்ட்’ தொகுப்பைத் தந்தவர்கள் இந்த ஐவரே. தொடக்கக் குழுவிலிருந்து எஞ்சியவர்கள் இருவர்தாம்.

இனி கலப்பைப் பற்றி. ஜாஸும் இந்துஸ்தானியும் கருநாடக இசையும் ஸ்பானியச் சாயலும் ஒன்றாக வருகின்றன என்று கேட்டதும், ‘கலப்படம்’ என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களைத் தென்காசியிலிருந்து மேலகரம் வரை ஒருமுறை அழைத்துச் செல்ல வேண்டும். திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் அது. அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் வெண்பா இருக்கிறது, விருத்தம் இருக்கிறது, கொச்சகம் இருக்கிறது. இவற்றுக்கிடையே குறத்தியும் சிங்கனும் பாடும் சிந்தும், கண்ணிகளும், இராகமும் தாளமும் குறிக்கப்பட்ட கீர்த்தனைகளும் இருக்கின்றன. புலவர் செய்யுளும் தெருப்பாட்டும் ஒரே நூலில். மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அந்நூலுக்குப் பரிசாக நிலம் கொடுத்தார். அது குறவஞ்சி மேடு என்று வழங்கலாயிற்று. கலப்புக்குக் கிடைத்த மானியம் என்றே அதைச் சொல்லலாம்.

நம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா, படைப்போர் ஆகியவை நம் முன்னோர் தமிழுக்குத் தந்த வகைகள். பெயரிலோ பொருளிலோ அரபும் பாரசீகமும், நடையில் தமிழ். அதே முன்னோர் பிள்ளைத்தமிழும் அந்தாதியும் கோவையும் திருப்புகழும் எடுத்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது பாடினர். இதைக் கலப்படம் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் கலப்பில் இருவகை உண்டு. பொருள்கள் தத்தம் உருவோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்பது ஒன்று. எல்லாம் கரைந்து நிறமில்லாத ஒன்றாகிவிடுவது மற்றொன்று. குறவஞ்சியில் வெண்பா வெண்பாவாகவே நிற்கிறது. அடுத்த பக்கத்தில் சிந்து சிந்தாகவே துள்ளுகிறது. இரண்டையும் இணைப்பது எது? கதை மட்டுமன்று, இரண்டுக்கும் அடியில் ஓடும் தாள உணர்ச்சி. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி. கே. சி. பாட்டை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே அதன் சுவையைப் பிறர்க்குக் காட்டினார். காதால் கேட்டாலன்றிப் பாட்டு விளங்காது என்பதை அவர் கூட்டத்தில் அமர்ந்தவர்கள் அறிந்தார்கள். சக்தியின் தொகுப்பையும் அந்த வழியிலேயே அளக்க வேண்டும். எந்த இடத்தில் வகைகள் தம் உருவோடு நிற்கின்றன, எந்த இடத்தில் கரைகின்றன, அவற்றை இணைக்கும் நூல் எது?

அந்த நூல் சொற்கட்டு என்பதே என் முடிவு. கருநாடக இசையில் இதனைக் கொன்னக்கோல் என்பர். மிருதங்கத்தின் ஒலிகளை ‘தகதிமி’, ‘தகிட’ என்று பொருளற்ற அசைகளாக்கி நாவினால் விரைந்து சொல்லும் கலை. பொருளற்றவை என்று சொன்னேன். பயனற்றவை என்று சொல்லவில்லை. மூன்றுக்கு ‘தகிட’, நான்குக்கு ‘தகதிமி’, ஐந்துக்கு ‘தகதகிட’, ஏழுக்கு ‘தகிட தகதிமி’. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சொல் உண்டு. விரல்விட்டு எண்ண வேண்டியதை நா எண்ணிவிடுகிறது.

அரபு மதரஸாக்களில் யாப்பு படித்தவர்களுக்கு இது எங்கோ கேட்ட குரலாக இருக்கும். 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் என்ற பேரறிஞர் அரபுக் கவிதையின் யாப்பை 15 வகைகளாக வகுத்தார். அக்ஃபஷ் என்பவர் பின்னர் ஒன்றைச் சேர்த்துப் பதினாறாக்கினார். பித்தளை வேலை செய்வோரின் சுத்தியல் ஓசையைக் கேட்டே கலீலுக்கு இந்த எண்ணம் பிறந்தது என்று ஒரு கதையும் உண்டு. அவர் ஒவ்வொரு சீரையும் அளக்க ‘ஃபஊலுன்’, ‘மஃபாஈலுன்’, ‘முஸ்தஃப்இலுன்’, ‘ஃபாஇலுன்’ என்று அளவுச் சொற்களை அமைத்தார். எந்தக் கவிதையின் பொருளும் இச்சொற்களில் இல்லை. ஓசையின் எலும்புக்கூடு மட்டும் இருக்கிறது. தமிழிலும் அப்படியே. தேமா, புளிமா என்பவற்றை நாம் வாய்பாடு என்கிறோம். வண்ணப் பாடல்களின் தலையில் ‘தனதன தானன’ என்று சந்தக் குழிப்பு எழுதி வைக்கிறோம். காயல்பட்டினத்துக் காசிம் புலவர் தம் திருப்புகழைப் பாடியது இத்தகைய சந்தங்களில்தான்.

இதைவிட நெருங்கிய ஓர் ஒற்றுமையும் இருக்கிறது. அரபு யாப்பிலக்கணத்தார் ‘ஃபஊலுன்’ என்பதைக் குமாஸீ, அதாவது ஐந்தெழுத்துச் சீர் என்பர். ‘மஃபாஈலுன்’ என்பது ஸுபாஈ, ஏழெழுத்துச் சீர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கும் ஒற்றடுத்த குறிலுக்கும் இரண்டு என்று தாளக்காரரைப் போல எண்ணினாலும் இதே 5, இதே 7 வருகின்றன. கருநாடக இசையார் முன்னதைக் கண்டம் என்பர், பின்னதை மிஸ்ரம் என்பர். ‘தவீல்’ என்னும் யாப்பின் ஓர் அரையடி, இலக்கண வாய்பாட்டின்படி, 5, 7, 5, 7 என்று நடந்து 24இல் முடிகிறது. செய்யுளில் ஈற்றுச் சீர் குறுகுவது வேறு செய்தி. ஆதி தாளத்தைத் திஸ்ர நடையில் ஒருமுறை சுற்றி வந்தாலும் கிடைப்பது 24தான். வேறு யாப்பு வேண்டாம். ரபீஉல் அவ்வலில் நம் வீடுகளில் ஓதப்படும் புர்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். இமாம் பூஸிரி அவர்கள் அதனைப் ‘பஸீத்’ யாப்பில் பாடினார்கள். ஏழெழுத்துச் சீரும் ஐந்தெழுத்துச் சீரும் மாறி மாறி வருவது அதன் இலக்கணம். தாளமே தெரியாது என்று சொல்லிக்கொள்ளும் நம் தாய்மார் நாவிலும் மிஸ்ரமும் கண்டமும் ஆண்டுதோறும் புரண்டுகொண்டுதான் இருக்கின்றன. ஓதும் இராகத்திற்கேற்ப நீட்டலும் குறுக்கலும் நிகழும். ஆயினும் எலும்பு மாறுவதில்லை.

‘சக்தி’யின் இசையில் முதன்முறை கேட்பவரைத் தடுமாற வைப்பது இந்த ஐந்தும் ஏழும்தான். நான்கு நான்காக எண்ணிப் பழகிய மேலை நாட்டுக் காதுக்கு அது புதிர். நம் காதுக்கு அவ்வளவு அந்நியமன்று என்பதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

ஜாகிர் உசேன் கணக்கைக் கற்ற விதமும் இதற்குச் சான்று. 1951 மார்ச் 9 அன்று பம்பாயில் அவர் பிறந்தபோது, குழந்தையின் காதில் துஆ ஓத வேண்டிய தந்தை, தாளச் சொற்களை ஓதினாராம். தாய் கோபித்துக்கொண்டார்களாம். இதைத் தம் நேர்காணல்களில் ஜாகிர் உசேனே சொல்லியிருக்கிறார். அந்தத் தந்தையின் செயலை நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. அந்தத் தாயின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன். எனினும் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். ஏழு வயதளவில், விடியலுக்கு முன்னரே எழுந்து, தந்தையின் முன் அமர்ந்து, தபலாவைத் தொடாமல், மணிக்கணக்கில் வாயினாலேயே தாளம் சொல்வது பாடம். விடிந்ததும் மதரஸாவில் குர்ஆன் ஓதல். அதன்பின் கிறிஸ்தவப் பள்ளியில் ஞானப்பாட்டும் வகுப்புப் பாடமும். காலைப் பொழுதுக்குள் மூன்று வகை ஓசை, மூன்றும் வாய்ப்பாடம். பிற்காலத்தில் எந்த நாட்டு இசைக்காரரோடும் அவர் தயங்காமல் உட்கார முடிந்ததற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

மெக்லாக்லினும் இந்தப் பாடத்தைத் தவிர்க்கவில்லை. செல்வகணேஷும் அவரும் சேர்ந்து, கொன்னக்கோலைப் படிப்படியாகக் கற்பிக்கும் ‘தி கேட்வே டு ரிதம்’ என்ற படமொன்றை 2007இல் வெளியிட்டனர். எந்த நாட்டு மாணவனும் தாளத்தை இதன்வழி கற்கலாம் என்பது அதன் நோக்கம். வெள்ளைக்காரர் ஒருவர் நம் சொற்கட்டைச் சொல்லிக்காட்டுகிறார் என்று வியப்பது எளிது. அவர் மாணவனாக அமர்ந்த நாள்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதே தகும்.

இப்போது தொகுப்புக்கு வருவோம். எட்டு உருப்படிகள். பெருந்தொற்றுக் காலத்தின் நெருக்கடியில், ஐவரும் ஒரே கூடத்தில் அமராமல், தத்தம் இடத்திலிருந்து வாசித்துப் பதிந்து ஒருவருக்கொருவர் அனுப்பி உருவாக்கியது இது. ஒருவர் மொனாக்கோவில், ஒருவர் கலிபோர்னியாவில், மற்றவர்கள் வேறு வேறு ஊர்களில். உடன் வாசிப்பவரின் கண்ணைப் பார்த்து வாசிப்பதே ஜாஸுக்கும் நம் தனியாவர்த்தனத்துக்கும் உயிர் என்பார்கள். அந்தக் கண் இங்கே இல்லை. அப்படியிருந்தும் கடினமான தீர்மானங்கள் வந்து விழும் இடங்களில் ஐவரும் ஒரு மயிரிழை பிசகாமல் ஒன்றாக நிற்கிறார்கள். கருவிகளின் உதவி இருந்திருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் எந்தக் கருவியாலும் ஐந்து பேருடைய மூச்சை ஒரே இடத்தில் நிறுத்த முடியாது. ஒரே வாய்பாடு ஐவர் நாவிலும் இருந்தது. மக்காவில் ஓதினாலும் தென்காசியில் ஓதினாலும் நிறுத்துமிடத்தில் நிறுத்துவது போன்றது அது. இத்தொகுப்பின் பெருமை என்று நான் கருதுவது இதையே.

குறையும் இதனோடு ஒட்டியதுதான். கணக்குக்குக் கண் வேண்டியதில்லை. கேள்விக்கும் பதிலுக்கும் கண் வேண்டும். 1975ஆம் ஆண்டின் மேடைப் பதிவில் தபலாவும் கடமும் ஒன்றையொன்று சீண்டி, ஏமாற்றி, சிரித்துக்கொண்டு போகும். அடுத்து என்ன வரும் என்பது வாசிப்பவருக்கே தெரியாத இடங்கள் அதில் உண்டு. ‘திஸ் மொமென்ட்’ என்று பெயர் வைத்த தொகுப்பில் அந்தத் தெரியாமை குறைவு. எல்லாம் முன்கூட்டியே முடிவாகி, மெருகேற்றி, பட்டுத்துணியில் சுற்றித் தரப்பட்டிருக்கிறது. இந்தக் கணம் என்ற பெயருக்கு இது பொருந்தவில்லை.

மற்றொரு குறை, சுரக்கூட்டு. மெக்லாக்லின் இம்முறை குழிப்பலகைக் கிதாரை விட்டுவிட்டு மின்கிதாரும், கிதார் வழியாகச் சின்தசைஸர் ஒலிகளும் கொண்டு வந்திருக்கிறார். சங்கர் மகாதேவனின் குரலைப் பல அடுக்காக்கி மேலை முறையில் ஒத்திசையும் அமைத்திருக்கிறார்கள். அவர் குரல் இனியது. 2000ஆம் ஆண்டின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படப் பாட்டுக்காகத் தேசிய விருது பெற்ற குரல். ஆனால் ஒரு குரலை ஐந்தாறாக மடித்து விரிக்கும்போது இராகத்தின் நெளிவு மழுங்குகிறது. ‘மோகனம்’ என்று பெயரிட்ட உருப்படியில் இதைத் தெளிவாக உணரலாம். மோகனம் ஐந்து சுரங்களாலான இராகம். அதில் இல்லாத இரண்டு சுரங்களின் வெற்றிடமே அதன் அழகு. பின்னால் மேகம் போல் சுரக்கூட்டு படரும்போது அந்த வெற்றிடம் நிரம்பிவிடுகிறது. நான் மேலே சொன்ன கரையும் கலப்பு இதுதான். தியாகராஜர் கீர்த்தனையை அடியாகக் கொண்ட ‘கிரிராஜ சுதா’வும் 2001ஆம் ஆண்டில் வெளியான பம்பாய் மேடைப் பதிவில் ஸ்ரீநிவாஸின் மாண்டலினோடு வந்தபோது இருந்த கூர்மையை இங்கே இழந்திருக்கிறது. இனிமை கூடியிருக்கிறது, அதை நான் குறையாகவே எண்ணுகிறேன்.

‘லாஸ் பால்மாஸ்’ என்ற ஆறாம் உருப்படி இதற்கு நேர் எதிர். பெயரிலேயே ஸ்பானிய வாடை. ஸ்பெயினின் தென்பகுதியில் வளர்ந்த பிளமென்கோ இசையில் கைத்தட்டலுக்குப் பால்மாஸ் என்று பெயர். அந்தக் கைத்தட்டின் சாயலும் நம் சொற்கட்டும் இதில் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றில் கரையவில்லை. கை ஒரு கணக்கு, வாய் ஒரு கணக்கு. ஸ்பெயினின் அந்தப் பகுதி நூற்றாண்டுக் கணக்கில் அரபு மொழி வழங்கிய அந்தலூஸ் என்பதை நம் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அங்கே பிறந்த ‘முவஷ்ஷஹ்’ என்ற பாட்டு வகையில், பாட்டு முழுவதும் செவ்வியல் அரபியில் நடந்து, ‘கர்ஜா’ எனப்படும் கடைசி அடி மட்டும் பேச்சு அரபியிலோ அந்நாட்டு மக்களின் ரோமானிய மொழியிலோ முடிவதுண்டு. வாசலில் நிற்கும் பாமரப் பெண்ணின் குரலைப் புலவர் தம் பாட்டின் முடிவில் அப்படியே உள்ளே விட்டார். திருத்தி எழுதவில்லை. குறவஞ்சியின் சிந்துக்கு எவ்வளவு தொலைவில் எவ்வளவு நெருங்கிய உறவு! ‘லாஸ் பால்மாஸ்’ அந்த மரபில் வைக்கத்தக்கது. தொகுப்பில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்க நேரம் உண்டு என்பவர் இதைக் கேட்கட்டும்.

செல்வகணேஷைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் பக்கத்து இளைஞர்கள் அவரை 2009இல் வந்த ‘வெண்ணிலா கபடிக்குழு’ படத்தின் இசையமைப்பாளராக அறிந்திருக்கலாம். அவர் கையில் உள்ள கஞ்சிரா, புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையால் கச்சேரி மேடைக்கு வந்த கருவி. தெருக்களில் பக்கீர்மார் தாயிரா அடித்துப் பாடக் கேட்டவர்களுக்கு அதன் உறவு சொல்லாமலே புரியும். ஒரு பக்கத் தோல், வளைந்த சட்டம், சலங்கை. தாயிரா பெரியது, கஞ்சிரா உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றே பெரியது. கடமும் அப்படியே, நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டுக் குடத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மண்பானை இசைக்கருவியாவதில் வியப்பென்ன? இந்த எளிய கருவிகளே தொகுப்பு முழுவதையும் தரையில் நிறுத்துகின்றன. சின்தசைஸர் மேகம் எவ்வளவு உயரப் பறந்தாலும், அடியில் தோலின் ஒலியும் மண்ணின் ஒலியும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

தந்தையின் இடத்தில் மகன் அமர்ந்திருக்கிறார் என்பதும் வெறும் வாரிசுச் செய்தியன்று. விநாயகராமின் தந்தை ஹரிஹர சர்மா சென்னையில் தாளவாத்தியப் பள்ளி ஒன்றை நிறுவியவர். அவரிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று சொற்கட்டு வாய்வழியே வந்திருக்கிறது. அல்லா ரக்காவிடமிருந்து ஜாகிர் உசேனுக்கும் அவ்வாறே. ஹதீஸ் கலையில் நாம் ஸனது என்று சொல்லும் சங்கிலியைப் போன்றது இது. இன்னாரிடம் இன்னார் கேட்டார் என்று பெயர் பெயராகச் சொல்ல முடிகிறது. தொடக்கக் குழுவில் இருவர் மட்டுமே எஞ்சியிருக்க, பழைய பெயரை வைத்துக்கொள்ள இவர்களுக்கு என்ன உரிமை என்று கேட்டவர்களுக்கு விடை இந்தச் சங்கிலியில் இருக்கிறது. நம் ஊர்களில் வாய்ப்பாடம் குறைந்து வருகிறது. பைத்துச் சொல்லிக்கொடுத்த பாட்டிமார் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள். கேட்பது பாடமாகாது. உலகமே பாராட்டும் இந்த இசைக்கு அடியில் இருப்பது அதே பழைய வாய்ப்பாடம்தான் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறதா?

2024 பிப்ரவரி 4 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இத்தொகுப்புக்குச் சிறந்த உலக இசைத் தொகுப்பு என்ற கிராமி விருது கிடைத்தது. அதே நாளில் ஜாகிர் உசேனுக்கு வேறு இரண்டு கிராமிகளும் கிடைத்தன. விருதினால் ஒரு நூலோ இசையோ உயர்ந்துவிடுவதில்லை. மேற்சொன்ன குறைகள் விருதுக்குப் பின்னும் அங்கேயே இருக்கின்றன. ஆனால் அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஜாகிர் உசேன் தம் 73ஆம் வயதில் காலமானார். மீள்வரவு என்று வெளியான தொகுப்பு, அவரைப் பொறுத்தவரை சக்தியின் கடைசி ஒலிப்பதிவுக் கூடத்துத் தொகுப்பாகிவிட்டது.

இதை அறிந்தபின் தொகுப்பின் முதல் உருப்படியும் கடைசி உருப்படியும் வேறு விதமாகக் கேட்கின்றன. முதலாவது ‘ஸ்ரீநிஸ் ட்ரீம்’, மறைந்த ஸ்ரீநிவாஸின் நினைவாகப் பெயரிடப்பட்டது. மாண்டலின் எந்த இடத்திலும் இல்லை. வயலினும் கிதாரும் சுற்றிச் சுற்றி வருகின்றன. கடைசி உருப்படிக்கு ‘ஸோனோ மாமா’ என்று ஜப்பானிய மொழியில் பெயர். உள்ளது உள்ளபடியே என்று பொருள். வீட்டில் கேட்பவர்கள் அதில் சின்தசைஸரைச் சற்று மறந்துவிட்டு, தபலாவின் இடக்கை ஒலியை மட்டும் பின்தொடர்ந்து, விரலை மடக்கி எண்ணிப் பார்க்கட்டும். பிறகு 1975ஆம் ஆண்டுப் பதிவை எடுத்து, 24 வயது ஜாகிர் உசேனின் அதே இடக்கையைக் கேட்கட்டும்.